பெயர் யாருடையது, பணம் யாருக்குப் போனது

நலத்திட்ட உதவியில் மோசடி என்று ஒரு கோப்பு மேசைக்கு வந்தால், அதன் முதல் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பயனாளியின் பெயராகத்தான் இருக்கும். அரசுப் பதிவேடு அவர் பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, பெருவிரல் ரேகையும் அவருடையது என்றே எழுதப்பட்டிருக்கிறது. பணம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நீலகிரி மாவட்டத்தின் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில், குறிப்பாகக் குன்னூரிலும் கூடலூரிலும், அரசு உதவி வழக்கு நடத்துநராக (ஏபிபி) பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இந்த வகை வழக்குகளின் உயிர்நாடி இதுதான் என்று படுகிறது: பெயருக்கு உரியவர் ஒருவர், பணத்தை எடுத்தவர் இன்னொருவர் என்ற வாய்ப்பைக் கடைசி வரை மனத்தில் வைத்துக்கொண்டு கோப்பைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்காவிட்டால் சாட்சியாக நிற்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். கூண்டில் நிற்க வேண்டியவர் அடுத்த ஊரில் அடுத்த திட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒருவர் மீது வழக்குத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசு வழக்கு நடத்துநரிடம் முழுமையாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. புலனாய்வு செய்வதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் காவல்துறையின் வேலை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், அரசு வழக்கறிஞரைக் கலந்து அவர் கருத்துப்படி குற்றப்பத்திரிகை தயாரிக்குமாறு புலனாய்வு அதிகாரிக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் நடைமுறையில், வரைவுக் குற்றப்பத்திரிகையை எங்களிடம் கொண்டுவந்து குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வழக்கம் காவல் நிலையங்களில் உண்டு. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ நாங்கள் எழுதிக் கொடுக்கும் அந்தக் குறிப்புக்குச் சட்ட வலிமை பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நல்ல உதவி ஆய்வாளர் கையில் அது வழக்கின் திசையையே மாற்றும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் பத்து ஆண்டுக்குள்ளும் தண்டனை உள்ள வழக்குகளில் காவல்துறை அறிக்கையை ஆராயும் பொறுப்பை வழக்குத் தொடர்வுத் துறையின் துணை இயக்குநருக்குத் தருகிறது. ஏமாற்றுதல், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதிகபட்சம் ஏழு ஆண்டு தண்டனை உள்ள குற்றம் என்பதால், நலத்திட்ட மோசடிகளில் பெரும்பகுதி இந்த ஆய்வுக்குள் வரும். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே 1986இல் தனி வழக்குத் தொடர்வுத் துறை ஏற்பட்டது. சமூக நல உதவி மோசடி வழக்குகளைத் தானே நடத்திவந்த அந்நாட்டு வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் வழக்குப் பிரிவும் 2012இல் அதனிடம் வந்து சேர்ந்தது. அங்குள்ள வழக்கறிஞர் ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சாட்சியங்களைக் கொண்டு குற்றம் நிரூபணமாகும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமா? முடியும் என்றால், இந்த நபர் மீது வழக்கு நடத்துவது பொதுநலனுக்கு வேண்டியதுதானா? நம் நாட்டில் இரண்டாவது கேள்வியைக் குற்றப்பத்திரிகைக்கு முன்னால் கேட்பதற்கென்று சட்டத்தில் ஓர் இடம் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி, இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தின் இசைவோடு வழக்கைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் வழி. அதற்குள் அந்த ஏழை மனிதர் பல வாய்தாக்களுக்கு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வந்திருப்பார்.

கூடலூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சொல்லப் போவதில்லை. பழங்குடியினருக்கான வீட்டுத் திட்டம். அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை என்று கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தவணையாகப் பணம் பயனாளியின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். நின்றது அடித்தளம் மட்டும். தவணைகளோ முழுவதும் எடுக்கப்பட்டிருந்தன. பணியர் பழங்குடியினரின் பாடியை, அதாவது குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி முதல் குற்றவாளியாகவும், வீடு கட்டித் தருவதாகச் சொன்ன கான்ட்ராக்டர் தலைமறைவான இரண்டாம் குற்றவாளியாகவும் வரைவில் இருந்தார்கள். பணம் எடுத்த சீட்டில் பெருவிரல் ரேகை, அதன் கீழே அடையாளம் காட்டியவர் என்று ஒரு கையெழுத்து. உதவி ஆய்வாளர் நேர்மையானவர்தான். "மேடம், ரெக்கார்டு எல்லாம் அந்தம்மா பேர்லதான் இருக்கு. அவங்கள விட்டுட்டு நான் யாரப் போடறது?" என்று கேட்டார். அந்தப் பெண்மணி எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவர் என்பது வாக்குமூலத்திலேயே இருந்தது. "பணம் எடுத்த தேதிக்கு எஸ்டேட் செக்ரோலை வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.

தொழிலாளர்களின் அன்றாட வருகைப் பதிவேடான அந்தச் செக்ரோல் வந்தது. பணம் எடுக்கப்பட்ட அன்று அவர் பெயருக்கு நேரே வருகை இருந்தது. பறித்த பச்சைத் தேயிலையின் எடை காலையிலும் பிற்பகலிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. எஸ்டேட்டிலிருந்து வங்கிக்குப் போய் வர ஒரு நாள் வேலையை விட வேண்டும். இலை பறித்துக்கொண்டே அதைச் செய்திருக்க முடியாது. அதன் பிறகுதான் அந்தச் சீட்டு விரல்ரேகை நிபுணரிடம் ஒப்பீட்டுக்குப் போனது. ரேகை அவருடையது இல்லை என்று அறிக்கை வந்தது. அடையாளம் காட்டிய கையெழுத்து கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒருவருடையது. பாஸ்புக் தொடக்கத்திலிருந்தே கான்ட்ராக்டரிடம்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெண்மணி குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு முதல் சாட்சியானார். நீதிமன்றத்தில் அவர் பணியர் மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பவர் ஒருவரை ஏற்பாடு செய்வதற்கே ஒரு வாய்தா போயிற்று. உங்களுக்கு வங்கியில் கணக்கு இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பொய் என்று பிடித்துக்கொண்டார். தன் பெயரில் கணக்கு இருப்பதே தெரியாத ஒருவர் அப்படித்தான் சொல்வார் என்பதையும், அந்தப் பதிலே அரசுத் தரப்புக்கு ஆதாரம் என்பதையும் வாதத்தில் சொன்னேன். நடுவர் அதை ஏற்றுக்கொண்டார்.

தமிழ்நாட்டில் அரசு பட்டியலிட்டுள்ள ஆறு தொன்மைப் பழங்குடியினரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர், நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று வரும் திட்டங்கள் பல. அந்தத் திட்டங்களின் விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பக்கூடியவர்கள் அவர்களில் குறைவு. எனவே இந்த மலையில் மோசடி என்பது பெரும்பாலும் பயனாளி செய்வதாக இருப்பதில்லை. பயனாளியின் பெயரைக் கொண்டு செய்யப்படுவதாகவே இருக்கிறது. சமவெளியிலும் இது உண்டு. பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணையாக, விவசாயிகளின் கணக்குக்குப் போகிறது. 2020இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் விவசாயிகளே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்க்கப்பட்டது வெளிவந்து, சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. அந்த வழக்குகளில் காவல்துறை தேடிப் பிடித்தது முக்கியமாக இடைத்தரகர்களையும், கணினி மையம் நடத்தியவர்களையும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெளியில் விட்ட ஒப்பந்தப் பணியாளர்களையும்தான். பயனாளிகளின் கணக்கில் போன பணத்தை மாவட்ட நிர்வாகங்கள் திரும்ப வசூலித்தன. அந்த அணுகுமுறை சரியானது என்பதே என் கருத்து. அத்தனை பேரையும் குற்றவாளிகளாக நிறுத்தியிருந்தால் எந்த நீதிமன்றமும் அந்த வழக்குகளை முடித்திருக்க முடியாது. தரகர்களும் அந்தக் கூட்டத்தில் மறைந்திருப்பார்கள்.

பயனாளியே தெரிந்து பொய் சொன்ன வழக்குகளும் உண்டு; அவற்றை மறைத்துப் பேசக் கூடாது. வயதைக் கூட்டிக் காட்டி முதியோர் ஓய்வூதியம் வாங்கியவர்கள், கணவர் உயிரோடு இருக்கும்போதே விதவைச் சான்றிதழ் பெற்றவர்கள், வெளியூரில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு இங்கே வீடில்லாதவர் பட்டியலில் சேர்ந்தவர்கள் என்று எல்லா வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் சட்டம் கேட்பது ஏமாற்றும் எண்ணம், அதுவும் தொடக்கத்திலேயே இருந்ததா என்பதுதான். உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே நான் விண்ணப்பத்தின் அசலைக் கேட்பேன். யார் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது? உறுதிமொழி எந்த மொழியில் அச்சிடப்பட்டிருக்கிறது? வயதுக்கு ஆதாரமாக வைத்த அட்டையில் பிறந்த தேதி எப்போது திருத்தப்பட்டது, அந்தத் திருத்தம் எந்த மையத்தில் நடந்தது? ஒரே மையத்தில் ஒரே வாரத்தில் பத்துப் பேருடைய வயது ஏறியிருந்தால் வழக்கு அங்கேதான் இருக்கிறது. ஒரு வேளை உணவுக்கு வழியிருந்தும் பொய்ச் சான்று கொடுத்து, உண்மையான விதவைக்குப் போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டவர் என்று தெரிந்தால் அந்த வழக்கை நான் முழு மூச்சோடு நடத்துவேன், நடத்தியும் இருக்கிறேன். கணினிப் பதிவுகளை ஆதாரமாக வைப்பதென்றால், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். சாட்சி விசாரணையில் அது இல்லை என்று தெரிய வந்தால் வழக்கின் முதுகெலும்பே போய்விடும்.

எனக்கு இன்றுவரை வேதனை தருவது வேறொன்று. மோசடியில் அரசு அலுவலர் ஒருவரின் பங்கு தெரிய வந்தால், அவர் சம்பந்தப்பட்ட பகுதி பெரும்பாலும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் போய், லஞ்ச ஒழிப்புத் துறையின் கோப்பாகத் தனியே பிரிந்துவிடும். அங்கே 19ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். 2018 திருத்தம் அதற்கு மூன்று மாதமும், தேவைப்பட்டால் மேலும் ஒரு மாதமும் என்று காலம் குறித்திருக்கிறது. ஆனால் அனுமதி கேட்டுக் கோப்பு போவதற்கு முன்னாலேயே துறை விசாரணை, விளக்கம், மறுவிளக்கம் என்று காலம் ஓடுகிறது. தரகரும் பயனாளியும் இருக்கும் பாதி, முன் அனுமதி எதுவும் தேவைப்படாததால் நடுவர் நீதிமன்றத்தில் முதலில் எண்ணிடப்பட்டு, சம்மன் போய், விசாரணைக்கு வந்துவிடுகிறது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் பணியில் இருக்க, அந்தச் சான்றிதழை வாங்கியவர் கூண்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று அறிந்து நகர்வதற்கு அரசு வழக்கு நடத்துநர்தான் பாலமாக இருக்க முடியும். பயனாளியின் பங்கு சிறிதாகவும் அவர் சொல்லக்கூடிய உண்மை பெரிதாகவும் இருந்தால், அவருக்கு மன்னிப்பு வழங்கி அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக ஆக்க 420 வழக்குகளில் சட்டம் இடம் தருகிறது; அதிகபட்ச தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தும். இந்த வழியைக் கொலை வழக்குகளுக்கு மட்டும் உரியதாக நினைத்து ஒதுக்கிவிடுகிறோம்.

ரேஷன் அரிசிக்கு வருவோம். அரிசி அட்டைகளுக்கு இலவச அரிசி 2011 ஜூனில் தொடங்கியது; அதற்கு முன் கிலோ ஒரு ரூபாய். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக இருக்கும் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில், நாடுகாணி போன்ற சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போகும் வண்டிகளில் இந்த அரிசி பிடிபடுவது புதிதல்ல. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவும், அட்டை மூலம் வழங்கலை ஒழுங்குபடுத்தும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆணையும் சேர்ந்துதான் இந்த வழக்குகளுக்கு அடிப்படை. புலனாய்வு குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறையுடையது. அந்தச் சட்டத்தின் 6ஏ பிரிவின்படி பிடிபட்ட அரிசியையும் வண்டியையும் பறிமுதல் செய்யும் நடவடிக்கை, குற்ற வழக்கு தொடரப்பட்டாலும் தொடரப்படாவிட்டாலும் தனியே வருவாய்த் துறையில் நடக்கும். நீதிமன்றத்தில் நாங்கள் நிரூபிக்க வேண்டியதில் முதலாவது, மூட்டையில் இருந்தது பொது விநியோகத் திட்ட அரிசிதான் என்பது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் மாதிரியைப் பார்த்துச் சான்று தர வேண்டும். பிடித்த இடத்திலேயே எழுதப்படும் கைப்பற்றல் பட்டியலான மகஜரில் உள்ள மூட்டை எண்ணிக்கையும் கிடங்கில் ஒப்படைத்த ரசீதின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் வழக்கு நிற்காது.

அதையெல்லாம் விடப் பெரிய குறை, பிடிபடுபவர் எப்போதும் டிரைவராகவே இருப்பது. அடுத்தபடி, வீட்டு அரிசியைக் கிலோ சில ரூபாய்க்கு விற்ற அட்டைதாரர். வீடு வீடாக வாங்கிச் சேர்த்தவரும், மறுபக்கத்தில் ஆலை வைத்துப் பாலிஷ் செய்து விற்றவரும் வழக்கில் வருவது அரிது. டிரைவரின் கைபேசி அழைப்புப் பட்டியலையும், வண்டியின் உரிமையாளருக்கு வந்த பணத்தையும் பார்க்காமல் முடிக்கப்பட்ட கோப்புகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோப்பைத் திருப்பி அனுப்பும் ஏபிபி என்று பெயர் வந்தால் வரட்டும். எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்னதை, சரியான ஆளை நிறுத்தாமல் வழக்கு நடத்தக் கூடாது என்றும் நான் படித்துக்கொள்கிறேன்.

ஒழுங்குமுறைக் குற்றங்கள் என்று சொல்லப்படுபவற்றுக்கு, அதாவது உணவுப் பாதுகாப்பு, எடையளவு, தொழிலாளர் சட்டங்கள் போன்றவற்றின் கீழ் வரும் வழக்குகளுக்கு, நீதிமன்ற வளாகத்தில் ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டுப் போகிற வழக்குகள்தானே என்பார்கள். நீலகிரியில் வாழ்கிறவர் அப்படிச் சொல்லக் கூடாது. இங்கே சிறு தேயிலை விவசாயிகளின் குடும்பங்கள் பல ஆயிரம். தேயிலைக் கழிவில் சாயம் ஏற்றிக் கடைக்கு அனுப்பும் ஒவ்வொரு மூட்டையும் அவர்களுடைய பச்சைத் தேயிலை விலையைத்தான் கீழே இழுக்கிறது. கலப்படமா என்று அறியும் எளிய சோதனையை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பள்ளிகளில் செய்து காட்டுவார்கள்: வடிதாளில் தேயிலைத் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, குழாயடியில் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாயம் கலந்த தூள் பளிச்சென்று கறை விட்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது போதும். நீதிமன்றத்துக்குப் போதாது.

நீதிமன்றத்துக்கு வேண்டியது காகிதச் சங்கிலி. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், நான்காவது வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வு அறிக்கை 14 நாளுக்குள் வர வேண்டும். அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வியாபாரிக்கு 30 நாள் உண்டு. அறிக்கை அவர் கையில் சேர்ந்ததற்கு ஒப்புகை இல்லையென்றால் அந்த உரிமை மறுக்கப்பட்டதாகி வழக்கு விழும். தரம் குறைவு என்றால் அது மாவட்ட வருவாய் அலுவலர் தீர்ப்பளிக்கும் அபராத விவகாரம், எங்களிடம் வராது. பாதுகாப்பற்ற உணவு என்று அறிக்கை சொன்னால்தான், உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அனுமதியோடு நடுவர் நீதிமன்றத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக 77ஆம் பிரிவு இருக்கிறது: குற்றம் நடந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும்; ஆணையர் காரணம் எழுதி நீட்டித்தால் மூன்று ஆண்டு வரை. மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டது, அலுவலர் மாற்றலாகிப் போனார் என்பவை காரணம் ஆகா. நல்ல வழக்குகள் பல இந்த ஓராண்டில்தான் செத்தன.

இங்கும் பெயர் விஷயம் திரும்ப வருகிறது. தொழிற்சாலை ஒரு கம்பெனியாக இருந்தால், 66ஆம் பிரிவின்படி அது ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்துத் தாளில் காட்டியிருக்கும். அந்தப் பெயர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு மேற்பார்வையாளருடையது; சாயம் வாங்கச் சொன்னவர் அவர் இல்லை. இயக்குநர் ஒருவரின் சம்மதத்தோடோ, உடந்தையோடோ, அலட்சியத்தாலோ குற்றம் நடந்திருந்தால் அவரும் குற்றவாளி என்று அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு சொல்கிறது. அதற்குக் கொள்முதல் பில்களும், கழிவுத் தேயிலை வந்து போன பதிவேடும் வேண்டும். மாதிரி எடுக்கப் போகிற அன்றே அவற்றையும் கைப்பற்றினால் உண்டு. அடுத்த வாரம் போனால் பதிவேடு இருக்காது. இதைக் குன்னூரில் அலுவலர்களுக்கான ஒரு பயிற்சியில் சொன்னபோது, முன்னமே யாராவது சொல்லியிருக்கலாமே மேடம் என்றார் ஓர் இளம் அலுவலர். எடைத் தராசு வழக்குகள் பெரும்பாலும் சமரசக் கட்டணத்தில் முடிந்துவிடும். பச்சைத் தேயிலையை எடை போடும் இடங்களில் மீண்டும் மீண்டும் சிக்குகிறவர்களுக்காவது அந்தச் சலுகையைத் தராமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, தண்டனை. பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன், சலான் இருக்கிறது, இன்னும் ஏன் வழக்கு என்று நீதிமன்ற வாசலில் என்னிடம் கேட்டவர்கள் பலர். ஏமாற்றுதலை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், அந்தச் சமரசத்தைச் செய்ய வேண்டியவர் ஏமாற்றப்பட்டவர். ஏமாற்றப்பட்டது அரசு என்றால் எந்த அலுவலர் வந்து கையெழுத்திடுவார்? யாரும் வர மாட்டார்கள். வழக்கு நடந்து தீரும். அங்கேதான் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் உதவுகிறது. அதன் 3ஆம் பிரிவு, முன் தண்டனை இல்லாதவரைக் கண்டித்து விடுவிக்க இடம் தருகிறது. அந்தப் பிரிவில் 420ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. 12ஆம் பிரிவின்படி, இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பும் ஏற்படாது. அரசுத் தரப்பு எழுந்து இதைக் கேட்பது வழக்கமில்லை. குற்றவாளித் தரப்பு கேட்கட்டும் என்று உட்கார்ந்துவிடுவோம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு யார் கேட்பது? பணத்தைக் கட்டிய, முதல் முறை தவறிய, தரகரின் பேச்சைக் கேட்டுக் கைநாட்டு வைத்த முதியவர்களின் வழக்கில் நானே எழுந்து, அரசுத் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை என்பதோடு நிற்காமல், 3ஆம் பிரிவைப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடுவர்கள் பெரும்பாலும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துவிட்டு அதன்படி செய்தார்கள். இப்போது மலையில் பணியாற்றும் இளைய வழக்கு நடத்துநர்கள் அந்த மனுவின் படிவத்தைக் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். அது ஒரு பக்கம்தான்.